நடுவில் நிற்கும் கங்காணிகள்: ஜெர்மன் தொழிலாளர் அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

பெர்லினில் இருக்கும் கூட்டாட்சித் தொழிலாளர், சமூக நல அமைச்சகத்துக்கும், இதே சட்டத்தைத் தத்தம் நாட்டில் எழுதவேண்டிய மற்ற 26 அமைச்சகங்களுக்கும்,

வணக்கம்.

இந்த மடலை ஏன் தமிழில் எழுதுகிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனில் எழுதினால் நீங்கள் படிப்பீர்கள், நான் யாருக்காக எழுதுகிறேனோ அவர்கள் படிக்க மாட்டார்கள். உங்களிடம் மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். பெர்லின் தெருக்களில் முதுகில் பெட்டியைக் கட்டிக்கொண்டு சாப்பாடு சுமக்கும் நம் பையன்களுக்கோ, தாங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்லக்கூட ஆள் கிடையாது. ஒப்பந்தம் என்று ஒன்று கொடுத்திருந்தால்தானே அதுவும்.

விஷயத்துக்கு வருகிறேன். பிளாட்ஃபார்ம் வேலை, அதாவது ஆப் வழியாக ஆட்களிடம் வேலை வாங்கும் நிறுவனங்களின் வேலை, பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் 2024 அக்டோபரில் நிறைவேறியது. 2026 டிசம்பர் 2-க்குள் ஒவ்வொரு நாடும் அதைத் தன் சொந்தச் சட்டமாக மாற்றி எழுதியாக வேண்டும். இந்தச் சட்டம் வந்த கதை உங்களுக்கு நன்றாகவே தெரியும். 2021 டிசம்பரில் வந்த முதல் வரைவில் ஐந்து அடையாளங்களைச் சொல்லி, அவற்றில் இரண்டு பொருந்தினாலே அந்த ஆள் தொழிலாளி, நிறுவனம் முதலாளி என்று எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அப்புறம் இழுபறி, பேரம், மறுபடி இழுபறி. கடைசியில் 2024 மார்ச்சில் எஸ்தோனியாவும் கிரீஸும் மனம் மாறியதால்தான் தப்பிப் பிழைத்தது. பிரான்ஸ் ஆதரிக்கவில்லை. ஜெர்மனி எந்தப் பக்கமும் சேராமல் ஒதுங்கி நின்றது. சரி, அது பழைய அரசாங்கம், பழைய கூட்டணி. அதை இப்போது கிளறி என்ன ஆகப்போகிறது. ஆனால் அந்த இழுபறியில் ஐந்து அடையாளங்களும் காணாமல் போய்விட்டன. ஒருவர் தொழிலாளியா சுயதொழில் செய்பவரா என்பதை எப்படி முடிவு செய்வது என்பதை ஒவ்வொரு நாடும் தானே எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். அதாவது பேனா இப்போது உங்கள் கையில்.

நான் கேட்க வந்தது அந்தச் சட்டத்தின் மூன்றாவது பிரிவைப் பற்றி. நடுவில் இருக்கும் இடைத்தரகர்கள் வழியாக வேலை செய்பவர்களுக்கும், நேரடியாக வேலை செய்பவர்களுக்குக் கிடைக்கும் அதே பாதுகாப்பு கிடைக்கவேண்டும் என்கிறது அது. நல்ல பிரிவு. அதற்காகப் பிளாட்ஃபார்மையும் இடைத்தரகரையும் கூட்டாகப் பொறுப்பாக்கும் ஏற்பாடு செய்யலாம் என்றும் சொல்கிறது. எங்கே செய்யலாம்? "பொருத்தமான இடங்களில்." இந்த இரண்டு சொல் போதும், ஒரு நல்ல வக்கீலுக்கு. எது பொருத்தமான இடம் என்று நீதிமன்றத்தில் நான்கு வருடம் வாதாடலாம், அதற்குள் அந்த ரைடரின் விசாவே முடிந்திருக்கும்.

ஐரோப்பாவால் இந்த நிறுவனங்களைக் கட்டுப்படுத்த முடியாது என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன், ஏனென்றால் செய்துகாட்டியிருக்கிறீர்கள். வீட்டு விஷயத்தையே பாருங்கள். பத்து வருடத்துக்கு முன் எல்லா நகரங்களும், வீடுகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விட விளம்பரம் போடும் ஏர்பிஎன்பியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தன. எந்த வீடு எத்தனை நாள் வாடகைக்குப் போனது என்ற கணக்கு அந்த நிறுவனத்திடம்தான் இருந்தது, நகராட்சியிடம் இல்லை. வருடத்துக்கு 60 நாள்தான், 90 நாள்தான் என்று ஆளுக்கொரு வரம்பு போட்டார்கள், யார் மீறினார்கள் என்று கண்டுபிடிக்க ஊழியர்கள் இணையத்தில் விளம்பரப் படங்களைப் பார்த்து ஜன்னலை வைத்து வீட்டை அடையாளம் காணவேண்டியிருந்தது. பிறகு பாரிஸ் ஒரு வேலை செய்தது. ஒவ்வொரு விளம்பரத்திலும் பதிவு எண் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் வீட்டுக்காரர் மட்டும் இல்லை, விளம்பரத்தைப் போட்ட நிறுவனமும் அபராதம் கட்டவேண்டும் என்றது. 2021-ல் எண் இல்லாத ஆயிரத்துச் சொச்சம் விளம்பரங்களுக்காக ஏர்பிஎன்பி 80 லட்சம் யூரோ கட்டும்படி பாரிஸ் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இப்போது அதே யோசனை ஒன்றியம் முழுவதற்குமான சட்டமாகி, 2026 மே 20 முதல் நடைமுறைக்கு வருகிறது: குறுகிய கால வாடகைக்குப் பதிவு முறை உள்ள இடங்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு எண், கணக்கை நிறுவனமே அரசுக்கு அனுப்பவேண்டும். பார்சிலோனா இன்னும் ஒரு படி மேலே போய், 2028 நவம்பருக்குப் பிறகு சுற்றுலா வீடுகளின் 10,101 உரிமங்களில் ஒன்றைக்கூடப் புதுப்பிக்கப்போவதில்லை என்று அறிவித்துவிட்டது. அது சரியா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு, அந்த வாதம் இங்கே வேண்டாம்.

பெர்லினிலேயே வாடகைக் கார் விஷயத்தில் நடந்ததும் அதுதான். பல வருடம் உரிமம் இல்லாத வண்டிகள் ஆப் வழியாக ஓடிக்கொண்டிருந்தன. 2024-ல் நகர நிர்வாகம் நிறுவனங்களிடமிருந்து வண்டிகளின் பட்டியலை வாங்கித் தன் உரிமப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் ஆப்பிலிருந்து காணாமல் போயின. பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை, இரண்டு பட்டியல், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

வீட்டுக்கு எண் கொடுத்தாயிற்று. காருக்கும் பட்டியல் வந்தாயிற்று. சைக்கிளில் போகிற ஆளுக்கு மட்டும் ஏன் யாருமே பொறுப்பு இல்லை?

எங்கள் வீட்டில் சில மாதம் தங்கியிருந்த ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். ஊர் திருவண்ணாமலைப் பக்கம், பெயர் வேண்டாம். இங்கே ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் சேர்த்துவிட்டது சென்னையில் ஒரு ஏஜென்ட். வீட்டில் நிலத்தை அடமானம் வைத்து ஃபீஸ் கட்டினார்கள். விசாவுக்காக வங்கியில் முடக்கிவைக்கவேண்டிய 11,904 யூரோவும் கடன்தான். அதிலிருந்து மாதம் 992 யூரோ எடுக்கலாம். பெர்லினில் ஒரு அறையின் வாடகையும் இன்சூரன்ஸும் போனால் மிச்சம் என்ன இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், ஊரில் வட்டி வேறு ஓடிக்கொண்டிருக்கிறது.

வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு செய்தி பார்த்தான்: ரைடர் தேவை, வாரச் சம்பளம், இன்றே சேரலாம். போய்ப் பார்த்தால் செல்போன் ரிப்பேர் செய்யும் கடை. கடைக்காரர் ஒரு பெட்டியைக் கொடுத்தார், அதற்கு டெபாசிட் முதல் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார். வேறு யாரோ ஒருவர் பெயரில் இருக்கும் கணக்கின் பாஸ்வேர்டைக் கொடுத்தார், அதற்கும் வாரவாரம் வாடகை. திடீர் திடீரென்று ஆப் செல்ஃபி கேட்கும். இவன் ஓரமாக நின்று கணக்கின் சொந்தக்காரருக்குப் போன் அடிப்பான், அவர் தன் போனில் உள்ளே நுழைந்து முகத்தைக் காட்டிவிட்டு வெளியே வருவார், பிறகு இவன் மறுபடி நுழைவான். அதற்குள் பெட்டியில் இருக்கும் நூடுல்ஸ் ஆறிப்போயிருக்கும், வாடிக்கையாளர் ஒரு நட்சத்திரம் கொடுப்பார், அதுவும் இவன் தலையில்தான் விடியும்.

இந்த ஊர் வீடுகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கதவுமணியில் வீட்டு எண் இருக்காது, குடும்பப் பெயர்தான் இருக்கும், ஆப்பில் வருவதோ செல்லப் பெயர். முன்கட்டு, அதைத் தாண்டி முற்றம், அப்புறம் பின்கட்டு, அதில் ஐந்தாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஏறி இறங்கி வருவதற்குள் கீழே சைக்கிள் இருக்குமா என்ற பயம் வேறு, ஏனென்றால் சைக்கிள் அவனுடையது. உணவகத்துக்கு வெளியே மழையில் காத்திருக்கும் நேரத்துக்குக் காசு கிடையாது, கொண்டுபோய்க் கொடுத்தால்தான் காசு. ஜெர்மனியில் 2026-ல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ. காத்திருந்ததையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அவனுக்கு அது ஒரு நாளும் வந்ததில்லை.

பணம் வந்த வழியைக் கேளுங்கள். வாடிக்கையாளர் பிளாட்ஃபார்முக்குக் கொடுக்கிறார், பிளாட்ஃபார்ம் ஒரு ஃப்ளீட் கம்பெனிக்கு, அதாவது ரைடர்களைத் திரட்டித் தரும் இடைத்தரகர் நிறுவனத்துக்குக் கொடுக்கிறது, ஃப்ளீட் கம்பெனி கடைக்காரருக்கு, கடைக்காரர் பையனுக்கு, கையில் ரொக்கமாக. ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். ஒரு வாரம் "கம்பெனி இன்னும் அனுப்பவில்லை" என்றார். அடுத்த வாரம் "வந்துவிடும்" என்றார். அதற்கடுத்த முறை போனபோது கடையின் பெயர்ப்பலகை மாறியிருந்தது, உள்ளே இருந்தவர் எனக்கு எதுவும் தெரியாது என்றார். பிளாட்ஃபார்மின் உதவிப் பக்கத்தில் எழுதிக் கேட்டான். அப்படி ஒரு ரைடர் எங்களிடம் இல்லை, உங்கள் முதலாளியைத் தொடர்புகொள்ளுங்கள் என்று பதில் வந்தது.

எந்த நிமிஷத்தில் எந்தத் தெருவில் திரும்பினான், எந்தச் சிக்னலில் நின்றான், எந்த ஆர்டரை வேண்டாம் என்று தள்ளினான், எல்லாம் தெரிந்த நிறுவனத்துக்கு அவன் யார் என்று மட்டும் தெரியவில்லை!

தமிழர்களுக்கு இந்த ஏற்பாடு புதிது இல்லை. எங்கள் ஊரிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலாயா ரப்பர் தோட்டத்துக்கும் ஆட்களைக் கூட்டிப்போனது கங்காணி. ஆள் பிடிப்பவனும் அவன்தான், முன்பணம் கொடுப்பவனும் அவன்தான், வேலையை மேய்ப்பவனும் அவன்தான். ஆள் தலைக்கு இவ்வளவு என்று அவனுக்குக் காசு. தொழிலாளியின் கடனை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிவைத்திருப்பார்கள், அந்தக் கடனைத் தீர்க்கிற தோட்டத்துக்குத்தான் அந்த ஆள் போகமுடியும். தோட்டத் துரையிடம் போய் முறையிட்டால் கங்காணியைக் கேள் என்பார். துரை எதையும் நேரடியாகச் செய்ததில்லை, அவர் கை எப்போதும் சுத்தம். இலங்கையில் அந்தத் துண்டு முறையை 1921-ல் சட்டம் போட்டுத்தான் ஒழிக்கவேண்டியிருந்தது, மலாயாவுக்குக் கங்காணி வழியாக ஆள் போவது 1938-ல்தான் நின்றது. திருவண்ணாமலைப் பையனின் கடன் சென்னை ஏஜென்டிடம், கூலி கடைக்காரரிடம், வேலை ஆப்பிடம். மூன்றையும் ஒரே ஆள் பார்க்கவில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

நான் மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றினால் மிலானைப் பாருங்கள். 2020 மே மாதம் ஊபரின் இத்தாலியக் கிளையை அந்த ஊர் நீதிமன்றம் தன் நிர்வாகியின் மேற்பார்வையில் வைத்தது. நடுவில் இருந்த நிறுவனங்கள் வழியாக ரைடர்களைச் சுரண்டியதுதான் வழக்கு. ரைடர்களில் பலர் அகதித் தஞ்சம் கேட்டு வந்தவர்கள், தூரம் எவ்வளவானாலும் மழை பெய்தாலும் டெலிவரிக்கு 3 யூரோ. தக்காளித் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் தரகர்களைத் தண்டிப்பதற்காக இருந்த சட்டப்பிரிவைத்தான் அரசு வழக்கறிஞர்கள் அங்கே பயன்படுத்தினார்கள். இடைத்தரகர் ஒருவருக்கு 2021-ல் மூன்று வருடம் எட்டு மாதம் சிறை. தரகருக்குச் சிறை கிடைத்தது நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு ஊரிலும் ஒரு தரகர் மாட்டிக்கொள்ளும்வரை காத்திருப்பது கொள்கை ஆகாது.

ஜெர்மனிக்கு இது இன்னும் நேரடியாகப் பொருந்தும். இங்கே ரைடர்களில் ஒரு பகுதியினர் முறையான ஊழியர்களாகவே இருந்தார்கள். 2021 நவம்பரில் உங்கள் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம், ரைடருக்குச் சைக்கிளும் போனும் முதலாளிதான் தரவேண்டும் என்று சொன்னது. அருமையான தீர்ப்பு. அந்த வருடம்தான் பெர்லினில் கொரில்லாஸ் என்ற மளிகை டெலிவரி நிறுவனத்தின் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்து, ஊழியர் குழுவையும் தேர்ந்தெடுத்தார்கள். அதெல்லாம் முதலாளி இன்னார் என்று தெரிந்தால்தானே நடக்கும். 2025 ஜூலையில் லீஃபராண்டோ என்ற சாப்பாட்டு டெலிவரி நிறுவனம் ஏறத்தாழ 2,000 ரைடர்களின் வேலையை நிறுத்தப்போவதாகவும், அந்த டெலிவரிகளில் ஒரு பங்கை வெளி நிறுவனங்களுக்குக் கொடுக்கப்போவதாகவும் அறிவித்தது. ஊழியர்கள் ஒவ்வொன்றாக உரிமை வாங்க வாங்க, ஊழியர்களே இல்லாத ஏற்பாடு பக்கத்தில் வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. நீங்கள் எழுதப்போகும் சட்டத்தில் "பொருத்தமான இடங்களில்" என்ற சொற்கள் அப்படியே இருந்தால், ரைடரை நேரடியாக வைத்திருக்கிற நிறுவனம் முட்டாள், கங்காணி வழியாக வைத்திருக்கிறவன் கெட்டிக்காரன் என்று சட்டமே சொல்வதாக ஆகிவிடும்.

இதற்குத் தீர்வு தேடி நீங்கள் எங்கேயும் போகவேண்டாம். உங்கள் சொந்த அலமாரியிலேயே இருக்கிறது. 2020 ஜூனில் ரேடா-வீடன்ப்ரூக் ஊரில் இருக்கும் டொனீஸ் இறைச்சித் தொழிற்சாலையில் 1,500-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கொரோனா வந்தபோதுதான், அங்கே பன்றி வெட்டிக்கொண்டிருந்த ருமேனியர்களும் பல்கேரியர்களும் அந்தத் தொழிற்சாலையின் ஆட்களே இல்லை, துணை ஒப்பந்தக்காரர்களின் ஆட்கள் என்பது நாடு முழுக்கத் தெரியவந்தது. (தொழிற்சங்கங்கள் அதைப் பல வருடமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தன, யார் கேட்டது?) ஆறே மாதத்தில் சட்டம் போட்டீர்கள். 2021 ஜனவரி 1 முதல் வெட்டுவது, துண்டு போடுவது, பதப்படுத்துவது எல்லாம் நிறுவனத்தின் சொந்த ஆட்களால்தான் நடக்கவேண்டும், துணை ஒப்பந்தம் கூடாது. இறைச்சித் தொழில் அழிந்துவிடும் என்றார்கள். கடையில் சாசேஜ் இன்னும் கிடைக்கிறது. அதற்கும் முன்னால், 2019-லேயே பார்சல் டெலிவரிக்கு ஒரு சட்டம் கொண்டுவந்தீர்கள்: துணை ஒப்பந்தக்காரர் சமூகக் காப்பீட்டுப் பணத்தைக் கட்டாவிட்டால் மேலே இருக்கும் பெரிய நிறுவனம் கட்டவேண்டும். பெட்டிக்குள் செருப்பு இருந்தால் ஒரு சட்டம், பீட்சா இருந்தால் வேறு சட்டமா?

ஆகவே நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. இறைச்சிக்கு எழுதியதையே சாப்பாட்டு டெலிவரிக்கும் எழுதுங்கள், நேரடி வேலை, நடுவில் யாரும் கூடாது. அது முடியாது, கூட்டணியில் சம்மதம் கிடைக்காது என்றால், குறைந்தபட்சம் பார்சலுக்கு எழுதியதைக் கூலிக்கும் சேர்த்து எழுதுங்கள். கீழே இருப்பவர் சம்பளம் தரவில்லையென்றால் ஆப் தரவேண்டும், அந்த ஆளை எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது. அவன் பயன்படுத்திய கணக்கு வேறு யார் பெயரில் இருந்தாலும் சரி, அந்த உழைப்பில் சாப்பாடு போய்ச் சேர்ந்தது, அதற்கான கமிஷனும் வந்து சேர்ந்தது. தன்னோடு ஒப்பந்தம் வைத்திருக்கும் இடைத்தரகர்களின் விவரத்தைப் பிளாட்ஃபார்ம் அரசுக்குத் தரவேண்டும் என்று ஒன்றியச் சட்டத்திலேயே இருக்கிறது. அதை வாங்கி அலமாரியில் பூட்டி வைக்காமல், கார் விஷயத்தில் செய்த மாதிரி சமூகக் காப்பீட்டுப் பதிவேட்டோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நூறு சைக்கிள் ஓட்டுகிற ஃப்ளீட் கம்பெனியில் மூன்று பேருக்குத்தான் காப்பீடு என்றால், அதற்கு விசாரணைக் கமிஷன் தேவையில்லை.

இன்னொரு விஷயம், இதை ஜெர்மன் செய்தித்தாள்களில் நான் அதிகம் பார்த்ததில்லை. மாணவர் விசாவில் இருப்பவர் வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் சம்பளத்துக்கு வேலை செய்யலாம். சுயதொழில் செய்யவேண்டுமென்றால் தனி அனுமதி வாங்கவேண்டும். இப்போது யோசியுங்கள். ஒரு மாணவனை வேலைக்கு வைத்துக்கொண்டு, காகிதத்தில் அவனைச் சுயதொழில் செய்பவன் என்று காட்டினால், அந்த நிமிஷமே அவன் விசா விதியை மீறியவன் ஆகிறான். ஏமாற்றியவர் மேல் அவன் எப்படிப் புகார் கொடுப்பான்? புகார் கொடுத்தால் முதலில் மாட்டுவது இவன். கடைக்காரருக்கு இது நன்றாகத் தெரியும், அதனால்தான் அவர் மாணவர்களைத் தேடுகிறார். போலிச் சுயதொழில் என்று பின்னால் நிரூபணமாகும் வழக்குகளில் மாணவரின் விசாவுக்கு எந்தப் பாதிப்பும் வராது என்று சட்டத்தில் ஒரே ஒரு வரி எழுதுங்கள். கூலி கேட்டுத் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகிறவரின் விவரம் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போகாது என்று இன்னொரு வரி. இதற்கு ஒரு யூரோ செலவில்லை.

(பையன்களுக்கு ஒரு வார்த்தை, அமைச்சகம் இதைத் தாண்டிப் போகலாம். தொழிலாளர் நீதிமன்றத்தில் முதல் கட்டத்துக்கு வக்கீல் கட்டாயம் இல்லை, நீதிமன்றத்திலேயே மனு எழுதிக்கொள்ளும் பிரிவு இருக்கிறது. வேலையை விட்டு நிறுத்தியதை எதிர்ப்பதென்றால் மூன்று வாரம்தான் கெடு, தள்ளிப்போடாதீர்கள். தொழிற்சங்கக் கூட்டமைப்பு நடத்தும் ஆலோசனை மையம் பெர்லினில் இருக்கிறது, அங்கே காசு கேட்பதில்லை. ஆப்பின் திரையை அன்றன்றைக்குப் படம் எடுத்து வேறு எங்காவது சேமித்துவையுங்கள், கணக்கை மூடிவிட்டால் எல்லாம் போய்விடும்.)

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். ரைடர்களில் எல்லோரும் ஊழியராக விரும்புகிறார்கள் என்று நான் சொல்லமாட்டேன். நினைத்தபோது ஓட்டலாம், பரீட்சை வந்தால் நிறுத்தலாம் என்பது மாணவர்களுக்கு உண்மையிலேயே பெரிய விஷயம். நேரடி வேலை என்று வந்தால் ஆட்களைக் குறைப்பார்கள், டெலிவரிக் கட்டணம் ஏறும், சில நிறுவனங்கள் கடையைக் கட்டிக்கொண்டு போகும். ஸ்பெயின் 2021-ல் ரைடர்களை ஊழியர்களாக்கும் சட்டம் போட்டதும் டெலிவரூ என்ற சாப்பாட்டு டெலிவரி நிறுவனம் அந்த நாட்டைவிட்டுப் போனது. அதே தொழிலில் இருக்கும் க்ளோவோ போகவில்லை, ஆனால் சட்டத்தையும் மதிக்கவில்லை. 2022 செப்டம்பரில் 7.9 கோடி யூரோ அபராதம், 2023 தொடக்கத்தில் இன்னும் 5.7 கோடி, கடைசியில் அதன் தலைவரைக் குற்றவியல் நீதிமன்றம் விசாரணைக்கு அழைத்த பிறகுதான், 2024 டிசம்பரில், ரைடர்களை வேலைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று அறிவித்தது. மூன்று வருடத்துக்கும் மேல் இழுத்தடித்தார்கள், அந்த மூன்று வருடமும் சட்டத்தை மதித்து ரைடர்களுக்குச் சம்பளம் கொடுத்த போட்டி நிறுவனம்தான் நஷ்டப்பட்டது. அபராதத்தை மட்டும் நம்பிச் சட்டம் எழுதினால் இதுதான் நடக்கும். ஊழியராக இருந்துகொண்டே வாரத்துக்கு எத்தனை மணிநேரம் என்று மாற்றிக்கொள்ளும் ஒப்பந்தம் ஜெர்மனியில் எத்தனையோ மாணவர்களுக்கு இருக்கிறது, கஃபேயில், நூலகத்தில், கிடங்கில். ஆகவே சுதந்திரம் போய்விடும் என்ற கூப்பாட்டை நான் பாதிதான் நம்புகிறேன்.

எனக்கு உண்மையாகவே பதில் தெரியாத இடம் பாரிஸ். அங்கே 2022-ல் ஊபர் ஈட்ஸ் ஏறத்தாழ 2,500 கணக்குகளை ஒரேயடியாக மூடியது, போலி அடையாளம் என்று சொல்லி. நாட்டில் வசிக்க அனுமதிக் காகிதம் இல்லாமல் இருப்பவர்கள் அவர்கள். ஊரடங்கின்போது நகரமே வீட்டுக்குள் இருக்க, வெளியே சைக்கிள் ஓட்டியது அவர்களும்தான், அப்போது யாரும் செல்ஃபி கேட்டுக் கணக்கை மூடவில்லை. வேலை முடிந்ததும் கதவைச் சாத்தினார்கள். நீங்கள் அடையாளச் சோதனையை மட்டும் இறுக்கினால், கணக்கை வாடகைக்கு விடுபவர் வேறு வழி கண்டுபிடிப்பார், வாடகைக்கு எடுத்தவர் தெருவில் நிற்பார். பிரிட்டனில் இன்னொரு வேடிக்கை: ரைடர் தனக்குப் பதிலாக வேறு ஆளை அனுப்பலாம் என்ற உரிமை ஒப்பந்தத்தில் இருப்பதாலேயே, டெலிவரூ ரைடர்களுக்குத் தொழிற்சங்கம் வழியாகப் பேரம் பேசும் உரிமை கிடையாது என்று 2023 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கணக்கை வாடகைக்கு விடுவதற்கு வாசல் திறந்துவைத்த அதே வரி, நிறுவனத்துக்குக் கேடயமாகவும் ஆனது. உங்கள் சட்டத்தில் இந்த வரி நுழையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கை மூடுவது பற்றிச் சுருக்கமாக. இனி அதை ஒரு மனிதர்தான் முடிவு செய்யவேண்டும், காரணத்தை எழுத்தில் தரவேண்டும் என்று ஒன்றியச் சட்டம் சொல்கிறது. அந்த மனிதருக்கு ஒரு பெயரும், கூப்பிட்டால் எடுக்கிற ஒரு தொலைபேசியும் இருக்கவேண்டும் என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

பகிர்வுப் பொருளாதாரம் என்ற தலைப்பில் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டவும் வேண்டாம். ஹாம்பர்க் போகிறவர் காரில் காலியாக இருக்கும் இருக்கையைக் கொடுத்து பெட்ரோல் காசைப் பங்கிட்டுக்கொள்வதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. அப்படிப் பயணிகளைச் சேர்த்துவைக்கும் ப்ளாப்ளாகார் மேல் ஸ்பெயின் பேருந்து முதலாளிகள் போட்ட வழக்கை 2017-ல் மாட்ரிட் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது, சரியாகத்தான் செய்தது. அதே வருடக் கடைசியில் ஊபர் வெறும் ஆப் இல்லை, போக்குவரத்துச் சேவை என்று ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னதும் சரிதான். விலையை யார் வைக்கிறார், ஆளை யார் நிறுத்துகிறார் என்று பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

கடைசியாக ஒன்று. கள்ள வேலையைச் சோதிப்பது இந்த நாட்டில் சுங்கத் துறை, அது உங்கள் கையில் இல்லை, நிதி அமைச்சகத்தின் கீழ் வருகிறது என்பது தெரியும். இருந்தாலும் பேசி ஒரு ஏற்பாடு செய்யுங்கள். வெள்ளிக்கிழமை இரவு உணவகங்களுக்கு வெளியே அதிகாரிகள் வந்து ரைடரை நிறுத்தும்போது முதலில் கேட்பது பாஸ்போர்ட்டை. அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். யார் உனக்குக் கூலி தருகிறார், கடைசியாக எப்போது தந்தார், எவ்வளவு பாக்கி, இந்த மூன்றையும் முதலில் கேட்டு எழுதிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
பெர்லின் நொய்கோல்னிலிருந்து ஒரு தமிழ்க் குடித்தனக்காரர்